விசிறி இரைச்சலும் நம் வியாபாரமும்



எடைக்கல் முத்திரை, உரிமம், கலப்படம், விற்பனை வரி என்று நம் கடைவாசலுக்கு வந்த வில்லங்கங்கள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. "உங்கள் விசிறிச் சத்தத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை" என்ற புகார்தான் அது. மாவு மில், மிளகாய் அரைவை, காப்பி வறுவல், பருப்பு மில், மசாலாப் பொட்டலம் போடும் கூடம் என எங்கெல்லாம் புளோயரோ எக்ஸாஸ்ட் விசிறியோ ஓடுகிறதோ அங்கெல்லாம் இந்தப் புகார் எழுகிறது. நாம் மில் வைத்த நாளில் பின்பக்கம் முள்மரம்தான் நின்றது. இன்று அங்கே மூன்று மாடி வீடு எழும்பி, அதன் படுக்கையறைச் சன்னல் நம் தகரக் குழாயின் வாய்க்கு நேராகத் திறக்கிறது. முதலில் வந்தது நாம்தானே என்று வாதாடலாம். சட்டத்தின் முன் அந்த வாதம் எடுபடாது.

விசிறியை நிறுத்தினால் தீர்ந்தது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மிளகாய் அரைவையில் புளோயரைக் கால் மணி நேரம் நிறுத்திப் பார்க்கட்டும். உள்ளே வேலை செய்கிறவர்களின் கண்ணும் நெஞ்சும் என்ன பாடுபடும் என்பது தெரியும். மாவு மில்லில் இன்னும் மோசம். மாவுத் தூசி காற்றில் அடர்த்தியாக மிதந்தால் ஒரு தீப்பொறியே வெடிக்கப் போதும். ஆகவே விசிறி ஓடியே தீரவேண்டும், பக்கத்து வீட்டாரும் தூங்கியாக வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய வழி இருக்கிறது. பென்சிலும் பேப்பரும் கொண்டு முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கவும் முடியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கையில் கிடைத்ததை வாங்கி அடைப்பதில்தான் நம்மவர்களின் பணம் வீணாகிறது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றை ஒட்டிய அமைதிப் பகுதியில் 50, 40. பகல் என்றால் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. அளவுக்கு மேல் 10 டெசிபலோ அதிகமோ போனால் யார் வேண்டுமானாலும் அதிகாரியிடம் புகார் கொடுக்க அந்த விதிகளில் இடமுண்டு. கடைத்தெருவில் இருப்பதாலேயே நாம் வணிகப் பகுதிதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் மனை எந்த வகையில் சேர்ந்திருக்கிறது என்பதை ஆவணத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

டெசிபல் என்னும் விசித்திரக் கணக்கு

நம் பேரேட்டில் 60-ம் 60-ம் சேர்ந்தால் 120. டெசிபலில் அப்படியில்லை. 60 டெசிபல் விசிறி ஒன்று ஓடும் இடத்தில் அதேபோல் இன்னொன்றையும் ஓட்டினால் 63-தான் வரும். மூன்று டெசிபல் குறைந்தது என்றால் ஒலியின் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் நம் காதுக்கு அது சற்றே குறைந்ததாகத்தான் படும். காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகையால் "சத்தத்தைப் பாதியாக்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். இரண்டு பாதிக்கும் இடையே ஏழு டெசிபல் வித்தியாசம் இருக்கிறது!

இனி, சத்தம் குழாய்க்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். திறந்தவெளியில் ஒரு சத்தம் எல்லாப் பக்கமும் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைகிறது. குழாய்க்குள் பரவ இடமில்லை. தகரச் சுவருக்குள் அடைபட்டு, புறப்பட்ட அளவுக்குக் கொஞ்சமே குறைவாக மறுமுனையில் வந்து சேருகிறது. பழைய கப்பல்களில் மேல்தளத்திலிருந்து இயந்திர அறைக்குப் பேச வெறும் பித்தளைக் குழாய் வைத்திருந்தார்களே, அது இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்தது. நம் மில்லின் புளோயருக்கும் பக்கத்து வீட்டுச் சன்னலுக்கும் நடுவே அப்படி ஒரு பேசும் குழாயை நாமே மாட்டி வைத்திருக்கிறோம்.

புளோயரின் சத்தம் இரண்டு விதம். காற்று கிழிபடுவதால் வரும் 'ஸ்ஸ்' என்ற பரந்த இரைச்சல் ஒன்று. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கூட்டின் நாக்கைக் கடக்கும்போது எழும் 'ஊம்' என்ற சுருதி மற்றொன்று. தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தச் சுருதி எது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இறக்கைகளின் எண்ணிக்கையை நிமிடச் சுற்றால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் போதும். 12 இறக்கை, 1440 சுற்று என்றால் நொடிக்கு 288 அதிர்வு. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை எத்தனை அங்குலம் என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

மெத்தைக்கு முன்னால் புல்லி

எங்கள் மண்டியிலிருந்து மிளகாய் எடுக்கும் அரைவை மில் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். பின்வீட்டில் ஒரு அம்மையார், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. பகலில்தான் தூங்கவேண்டும். முதலாளியிடம் வந்து, "அண்ணாச்சி, மில்லை மூடச் சொல்ல நான் வரல. நாலு மணி நேரம் கண்ணை மூட விடுங்க, அது போதும்" என்று கேட்டார். முதலாளி நல்லவர், உடனே ஒரு காண்டிராக்டரை அழைத்துவிட்டார். வந்தவர் குழாயை எட்டிப் பார்த்தார். உள்ளே முழுக்க ஸ்பான்ஜ் ஒட்டிவிடலாம் என்று ஒரு பெரிய தொகைக்குக் கொட்டேஷன் கொடுத்தார். எத்தனை டெசிபல் குறையும் என்று நாங்கள் கேட்டோம். "நல்லாக் குறையும்" என்றார். மூட்டைக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் "நிறைய இருக்கும்" என்று சொல்கிறவரிடம் நாம் சரக்கு எடுப்போமா? அவரை அனுப்பிவிட்டு, சன்னலருகே அளவெடுத்தோம். விசிறி ஓடும்போது 69, நிறுத்தினால் 51. பகுதி குடியிருப்பு, வரம்பு 55. ஆக, 14 டெசிபல் குறைய வேண்டும்.

விசிறியின் சத்தம் அதன் வேகத்தைப் பொறுத்து மிகச் செங்குத்தாக ஏறுகிறது. ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் மடியாக ஏறும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் விதி. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சுமார் 5 டெசிபல் குறையும். பெல்ட்டில் ஓடும் புளோயருக்கு இது மோட்டார் புல்லியை மாற்றும் வேலைதான். 5 அங்குலப் புல்லிக்குப் பதில் 4 அங்குலம். காற்றின் அளவும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், உண்மைதான். அந்த மில்லில் வடிகட்டும் துணிப்பைகளைத் தட்டிக் கழுவியதிலேயே காற்று திரும்பக் கிடைத்துவிட்டது. அடைத்த பையை வைத்துக்கொண்டு புளோயரை வேகமாக ஓட்டுவது நம்மவர்களிடம் பரவலாகக் காணும் பழக்கம். மின்கட்டணத்திலும் லாபமுண்டு. விசிறி எடுக்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் மடியாகக் குறைவதால், வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். சத்தத்துக்காகச் செய்யும் செலவில் காசைத் திருப்பித் தருவது இந்த ஒன்றுதான். அதனால்தான் முதலில் வைக்கிறோம்.

இதோடு புளோயருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் கித்தான் இணைப்பு, அடியில் ரப்பர் கட்டைகள். இல்லாவிட்டால் தகரமே தம்பட்டம்போல் அதிரும்.

லைனிங் கணக்கு

5 டெசிபல் போயிற்று, மீதி 9. இனிதான் குழாய்க்குள் மெத்தை. சட்டைக்கு உள்துணி வைப்பதுபோல் குழாயின் உட்சுவரில் நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு பொருளைப் பதிப்பதை லைனிங் என்கிறார்கள். ஒலி என்பது காற்றின் முன்னும்பின்னுமான அசைவு. அந்த அசைவு இழைகளுக்கு நடுவே புகுந்து உராயும்போது சக்தி வெப்பமாக மாறிக் கரைந்துபோகிறது. வெப்பம் என்றால் கைக்குத் தெரியும் அளவில் அல்ல, அற்ப சொற்பம்.

எத்தனை அடி மெத்தை வைத்தால் எத்தனை டெசிபல் குறையும்? இதற்கு அமெரிக்க ஒலியியல் அறிஞர் ஹேல் சபைன் 1940-இல் ஒரு சூத்திரம் தந்தார். எங்களைப்போல் பள்ளிக்கூடத்தோடு நின்றவர்களும் போடக்கூடிய கணக்குதான். குழாய் வாயின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, வாயின் பரப்பால் வகுத்து, 12.6-ஆல் பெருக்க வேண்டும். பிறகு மெத்தையின் உறிஞ்சு திறனுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். உறிஞ்சு திறன் என்பது மோதும் ஒலியில் எத்தனை பங்கை மெத்தை விழுங்குகிறது என்பது. தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியே போட்டிருப்பார்கள். அதை அப்படியே பெருக்காமல் 1.4 மடி அடுக்காக்கிப் பெருக்கவேண்டும். அந்தச் சிரமத்தையும் குறைத்துத் தருகிறோம்: திறன் 0.3 என்றால் 0.19, 0.6 என்றால் 0.49, 0.8 என்றால் 0.73. வரும் விடை, ஓர் அடி நீளத்துக்கு இத்தனை டெசிபல் என்பதாகும்.

12 அங்குலச் சதுரக் குழாயை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 48, பரப்பு 144, வகுத்தால் மூன்றில் ஒன்று. 12.6-ஆல் பெருக்கினால் 4.2. திறன் 0.6 உள்ள மெத்தை என்றால் 0.49-ஆல் பெருக்கி, அடிக்கு 2 டெசிபல். ஐந்தடிக்கு 10. நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதுவே 24 அங்குலக் குழாயானால் அடிக்கு 1 டெசிபல்தான். குழாய் அகலமாக அகலமாக நடுவில் போகும் ஒலி சுவரைத் தொடாமலே தப்பித்துப் போகிறது. அப்போது குழாயின் நடுவே இருபுறமும் மெத்தை வைத்த தட்டி ஒன்றை நெடுக்காக நிறுத்தினால் அடிக்கு ஒன்றரை டெசிபல் ஆகும். தட்டிகளை நெருக்கி வைத்தால் காற்றுக்குத் தடை கூடும், விசிறி திணறும். சூத்திரம் தோராயமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீச்சென்ற உயர்ந்த சுருதிகள் அகலக் குழாயில் டார்ச் லைட் வெளிச்சம்போல் நேராகப் பாய்ந்துவிடும்; அங்கே கணக்கில் வருகிற அளவு கையில் வராது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கொட்டேஷன் கொடுக்கிறவர்களில் பலர் இதைப் பேசுவதே இல்லை. மெத்தை ஒலியை நன்றாக விழுங்க வேண்டுமானால் அதன் தடிமன் ஒலி அலையின் நீளத்தோடு ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 288 அதிர்வுச் சுருதிக்கு ஓர் அலையின் நீளம் 1.2 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது ஓர் அடி தடிமன், உத்தமம். பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டே இருந்தாலும் பயனுண்டு. நாம் புல்லியை மாற்றியதில் சுருதி 230-க்கு இறங்கிவிட்டது, அலை ஒன்றரை மீட்டராக நீண்டுவிட்டது. ஆகவே 1 அங்குல மெத்தை வைத்தால் 'ஸ்ஸ்' போகும், 'ஊம்' அப்படியே இருக்கும். வீட்டாருக்கு முன்பைவிட எரிச்சலாகக்கூட இருக்கும்! அந்த மில்லில் 4 அங்குலத் தடிமனில் வைத்தோம். காற்று போகும் வழி 12 அங்குலம் குறையாமல் இருக்க, வெளிப்பெட்டி 20 அங்குலமாகச் செய்யவேண்டி வந்தது. காற்று வழியைக் குறுக்கி உள்ளே மெத்தை திணித்தால் காற்று வேகமெடுத்து, அதுவே புதிதாகச் சீறும்.

ஆகாய விமானத்திடம் கற்க வேண்டியது

இந்த வித்தையில் மிகவும் முன்னேறியவர்கள் விமான என்ஜின் செய்கிறவர்கள். ஜெட் என்ஜினின் முன்னால் சுழல்வதும் குழாய்க்குள் அடைபட்ட ஒரு பெரிய விசிறிதானே! 1962-இல் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் டைலர், சோஃப்ரின் என்ற இருவர் ஓர் அருமையான உண்மையை வெளியிட்டார்கள். சுழலும் இறக்கைகளும் அவற்றின் பின்னால் நிற்கும் அசையாத தகடுகளும் சேர்ந்து குழாய்க்குள் ஒலியைச் சுழலும் கோலங்களாக உண்டாக்குகின்றன. அந்த இரு எண்ணிக்கைகளையும் தக்கபடி தேர்ந்தெடுத்தால், இறக்கை நுனி ஒலியின் வேகத்தை எட்டாதவரை, முதன்மைச் சுருதி குழாயைவிட்டு வெளியேறாமலே மடிந்துவிடும் என்பது அது. நிற்கும் தகடுகள் இறக்கைகளைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும். எண்ணிக்கையை மாற்றியே சத்தத்தை அடக்கியது பெரிய காரியம். 1969-இல் அமெரிக்க அரசு விமான ஒலிக்கு வரம்பு விதித்தபின் உள்சுவர் லைனிங்கும் வழக்கமாயிற்று.

அந்த லைனிங்கில் பஞ்சு கிடையாது என்பதை நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மழைநீரும் எண்ணெயும் பஞ்சில் ஊறினால் கனக்கும், தீப்பிடிக்கும். ஆகவே தேன்கூடுபோல் அறுகோண அறைகளை வைத்து, மேலே பொடித் துளைகள் இட்ட தகட்டை ஒட்டுகிறார்கள். காலிச் சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் 'ஊ' என்கிறது அல்லவா? ஒவ்வொரு அறையும் அப்படி ஒரு பாட்டில்தான். தனக்கு உரிய சுருதி வரும்போது அறைக்குள் காற்று துளைவழியே விசையோடு போய் வந்து, அந்தச் சக்தியை உராய்வில் தின்றுவிடுகிறது. ஏணிப்படி வைத்து ஏறும் சிறிய நிலையங்களில் என்ஜின் வாயின் உட்சுவரைப் பார்த்தால் அந்தத் துளைகள் தெரியக்கூடும்.

நம் தொழிலிலும் எண்ணெய்ப் புகை உண்டு. பலகாரக் கடை, ஓட்டல் அடுப்பின் மேலுள்ள புகைக்குழாயில் பஞ்சோ ஸ்பான்ஜோ எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது. எண்ணெய் ஊறிய பஞ்சு திரிக்குச் சமம். அங்கே விசிறியைப் பெரிதாக்கி மெதுவாக ஓட்டுவதும், பஞ்சில்லாத அறை வகைச் சைலன்சரும்தான் வழி. ஒலியை எதிர் ஒலியால் அழிக்கும் முறையும் இருக்கிறது. பால் லூக் என்பவர் 1936-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். தாழ்ந்த சுருதிக்கு மிக நல்லது. நம் கல்லாப்பெட்டிக்கு ஏற்றதல்ல.

அரைவை மில்லில் மெத்தை வைக்கும் இடமும் முக்கியம். தூசி வரும் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதத்தில் துளைகள் அடைந்து களிமண் சுவராகிவிடும். பைகளில் தூசி வடிகட்டப்பட்டு, புளோயரைக் கடந்து, சுத்தக் காற்று வெளியே போகும் கடைசிக் குழாயில்தான் வைக்கவேண்டும். பொட்டலம் போடும் அறைக்குள் காற்று ஊதும் குழாயில் திறந்த கண்ணாடிப் பஞ்சு கூடவே கூடாது. இழை உதிர்ந்து மிளகாய்த் தூளில் விழுந்தால் அது வேறு வழக்காகிவிடும். அங்கே கட்டாயம் வேண்டுமென்றால் பஞ்சை மெல்லிய பிலிமில் தளர்வாகச் சுற்றி, மேலே துளைத் தகடு அடிக்க வேண்டும். தகட்டின் பரப்பில் நூற்றுக்கு 25 பங்காவது துளை இருக்கட்டும். அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடித்துத் துளையை மூடிவிட வேண்டாம்.

வாங்கக்கூடாதவை சில. முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். விசிறியின் 'ஊம்' சுருதிக்கு அது ஒன்றுமே செய்யாது. தெர்மோகோல் இலேசானது, ஆனால் அதன் துளைகள் மூடியவை, காற்று உள்ளே போகாது, ஆகவே ஒலியும் கரையாது. சாதாரண மெத்தை ஸ்பான்ஜ் உறிஞ்சும்தான், ஆனால் தீப்பிடித்தால் வரும் நச்சுப்புகை ஆளைக் கொல்லும். சாக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம், பூச்சிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு பலகை, மேலே கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் துளைத் தகடு என்பதே சரியான முறை. வைக்கும்போது ஆட்கள் கையுறையும் மூக்குத்துணியும் அணிய வேண்டும்.

அந்த மில்லில் எல்லாம் முடித்தபின் சன்னலில் 56 வந்தது. மெத்தை வைத்த ஒரு வளைவு சேர்த்து, குழாய் வாயைச் சன்னலுக்கு எதிர்ப்புறம் திருப்பியபின் 54. விசிறியை நிறுத்தினாலே 51 என்பதால் மீதி தெருவின் சத்தம்தான். அந்த அம்மையார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முன்வந்தார். முதலாளி அதெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். நாங்கள்தான் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

தகரப் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும்போது "சத்தம் குறைத்துத் தரவும்" என்று எழுதாதீர்கள். இந்தச் சுருதியில் இத்தனை டெசிபல், இத்தனை அடி நீளம், இத்தனை அங்குல மெத்தை, காற்று வழி இத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் அதே சன்னலில், அதே நேரத்தில், விசிறியை ஓட்டியும் நிறுத்தியும் அளந்து, நான்கு எண்களையும் தேதியோடு பில்லின் பின்புறம் குறியுங்கள். கைப்பேசியில் கிடைக்கும் அளவுமானி ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் அதிகாரி முன் நிற்காது. அதற்கு முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஒலிமானி வேண்டும். பாக்கித் தொகையைக் கடைசி அளவு எடுத்தபின் கொடுத்தால் போதும்.